7 பேர், 64 தறிகள்

சக ஊழியர்களிடையே நல்லுறவு குணத்தால் வருகிறதா, வேலை பிரிக்கப்படும் விதத்தால் வருகிறதா? அகமதாபாத் ஆலைகளின் நூறாண்டு அனுபவம் தரும் விடை மேலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.

பெரிய நிறுவனங்களில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை ஊழியர்களை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே உள்ள விடுதிக்கு அழைத்துப் போகிறார்கள். கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் சாய, சகாக்கள் தாங்கிப் பிடிப்பார்கள். இரவில் பாட்டு, கூத்து. மாதம் ஒருமுறை பிறந்தநாள்காரர்களுக்கு கேக் வேறு. திங்கட்கிழமை காலை அவரவர் நாற்காலிக்குத் திரும்பியதும் பழைய கதை தொடங்கும். விற்பனைப் பிரிவு கிடங்கைக் குறை சொல்லும். கிடங்கு கணக்குப் பிரிவைக் கை காட்டும். கணக்குப் பிரிவோ தனக்குத் தாள் வந்து சேரவில்லை என்று கை விரிக்கும்.

இதையெல்லாம் ஊழியர்களின் சுபாவக் கோளாறாகப் பார்ப்பதுதான் வழக்கம். இன்னாருக்குக் கோபம் அதிகம், இன்னாருக்கு ஒத்துப்போகத் தெரியாது என்று முத்திரை குத்திவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் தீர்ந்தது என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. இந்த நினைப்பைப் புரட்டிப்போட்ட ஒரு சோதனை 1953ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்தது. யாருக்கும் நடத்தை பற்றிப் பாடம் எடுக்கவில்லை. யாரையும் வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. வேலையைப் பங்கிட்ட விதம் மட்டும் மாறியது. உலகெங்கும் நிர்வாகவியல் மாணவர்கள் 'அகமதாபாத் பரிசோதனை' என்ற பெயரில் படிக்கும் அந்தச் சம்பவத்தை, அது நடந்த நாட்டில் அறிந்தவர்கள் குறைவு.

புதுத் தறி, பழைய தகராறு

'காலிகோ மில்ஸ்' என்று அழைக்கப்பட்ட அகமதாபாத் மேனுஃபாக்சரிங் அண்ட் காலிகோ பிரிண்டிங் கம்பெனி, சாராபாய் குடும்பத்தின் ஆலை. பஞ்சு உள்ளே போனால் அச்சிட்ட துணியாக வெளியே வரும் அளவுக்குப் பெரிய நிறுவனம். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் அண்ணன் கௌதம் சாராபாய் அப்போது அதன் பொறுப்பில் இருந்தார். 1952இல் ஒரு கூடத்தில் தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். பொறியாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகும் என்று அளந்து, எந்த ஆள் எத்தனை தறியைக் கவனிக்க வேண்டும் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இயந்திரங்கள் புதியவை, கணக்கும் சரியானது. ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. துணியில் சேதமும் குறையவில்லை.

லண்டனின் டாவிஸ்டாக் மனித உறவுகள் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கென்னத் ரைஸ் என்பவரை நிர்வாகம் ஆலோசகராக அழைத்தது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதே மாதிரி ஒரு புதிரை அந்தக் கழகம் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தது. அங்கே சிறு குழுக்களாக வேலை செய்துவந்த தொழிலாளர்களை, இயந்திரம் வந்ததும் தனித்தனி வேலைக்காரர்களாகப் பிரித்தார்கள். உற்பத்தி பெருகுவதற்குப் பதிலாக, வேலைக்கு வராமல் நிற்பதும் பூசலும் பெருகின.

காலிகோ தறிக்கூடத்தில் ரைஸ் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். தறி ஓடும்போது பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட நெசவாளி வர வேண்டும். இழைகள் கொத்தாக அறுந்துபோனால் அதைச் சரிசெய்ய வேறொருவர். ஊடை நூல் சுற்றிய தார்களை நிரப்ப ஒருவர். பாவு தீர்ந்தால் புதுப் பாவை ஏற்ற ஒருவர். இயந்திரம் பழுதானால் ஜாபர், அவருக்கு ஓர் உதவியாளர். எண்ணெய் போட, நெய்த துணியைச் சுமந்து செல்ல, கூட்டிப் பெருக்க, கூடத்தின் ஈரப்பதத்தைக் கவனிக்க என்று தனித்தனி ஆட்கள்.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம் வேறு என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய தறிகளின் எண்ணிக்கையும் வேறு. நெசவாளியின் எல்லை ஓரிடத்தில் முடியும், தார் நிரப்புபவரின் எல்லை வேறிடத்தில் முடியும், ஜாபரின் எல்லை இன்னோரிடத்தில். எனவே ஒரு நெசவாளி இரண்டு மூன்று தார்க்காரர்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. ஒரு தார்க்காரர் பல நெசவாளிகளின் அவசரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. யாருக்கும் 'இவர் என் கூட்டாளி' என்று சொல்லிக்கொள்ள ஒரு நிரந்தரமான ஆள் இல்லை. ஒரு தறி நின்றால் அது யாருடைய தறி என்ற கேள்விக்கும் விடை இல்லை. இரைச்சலில் பேச்சு கேட்காத தறிக்கூடத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் சைகைகூடச் சண்டையாகத்தான் முடியும்.

தாங்களே பிரிந்த குழுக்கள்

ரைஸ் முன்வைத்த யோசனை எளிமையானது. தறிகளை வேலைவாரியாகப் பிரிக்காமல் தொகுதிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் இதை விவாதித்தார்கள். விஷயம் தொழிலாளர்களின் காதுக்கு எட்டியதும் எதிர்பாராதது நடந்தது. மேலிடத்து உத்தரவு வரும் என்று காத்திருக்காமல் அவர்களே யார் யாரோடு சேர்வது என்று பேசி முடித்துவிட்டார்கள். 7 பேர் கொண்ட குழுவுக்கு 64 தறிகள் என்று ஏற்பாடாயிற்று. குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். 7 பேருக்குள் யார் என்ன செய்வது என்பது அவர்கள் பாடு.

தொடக்க நாட்களில் தடுமாற்றம் இருந்தது. துணியை ஓட்டுவதில் இருந்த வேகம் இயந்திரப் பராமரிப்பில் இல்லை. சேதம் கூடியது. பிறகு குழுக்கள் நிதானத்துக்கு வந்தன. தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு ஏறியது. துணிச் சேதம் சுமார் 32 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியது. தறி அதே தறி, ஆட்களும் அதே ஆட்கள்.

இதன் காரணங்களை ரைஸ் தம் எழுத்துகளில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஒருவர் செய்யும் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 64 தறிகளின் துணி குழுவின் துணி என்றான பிறகு, நின்றுகிடக்கும் தறி எல்லோருக்கும் நஷ்டம். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் குழுவுக்குக் கொஞ்சமாவது அதிகாரம் இருக்க வேண்டும். ஒருவர் செய்யும் வேலை மற்றவருக்குப் புரிகிற அளவில் இருக்க வேண்டும். தார் நிரப்புவதன் சிரமம் தெரிந்த நெசவாளி தார்க்காரரைத் திட்டத் தயங்குவார். குழுவுக்குள் அந்தஸ்து, ஊதியப் படிகள் குறைவாக இருக்க வேண்டும். கடைசியாக, ஒத்துவராதவர் தன்னைப் போன்ற வேறொரு குழுவுக்கு மாறிக்கொள்ள வழி இருக்க வேண்டும். பிடிக்காத துணையோடு தப்ப வழியின்றிக் கட்டிப்போட்டால் எந்த உறவும் கசந்துதான் போகும்.

இந்தப் பட்டியலில் அன்பு, புன்னகை, பொறுமை என்ற சொற்கள் இல்லை. அவை தேவையில்லை என்பதல்ல. வேலையே ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கச் செய்தால் அவை பின்னாலேயே வந்துவிடுகின்றன என்பதுதான் காலிகோவில் தெரிந்த உண்மை.

பதினேழு ஆண்டுகள் கழித்து

சோதனைகள் வெற்றி பெறுவது புதிதல்ல. வெளிநாட்டு ஆலோசகர் அருகில் இருக்கும்வரை எல்லோரும் சுறுசுறுப்பாகத்தான் இருப்பார்கள் என்று சந்தேகிப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1970இல் ரைஸின் சகாவான எரிக் மில்லர் அதே ஆலைக்கு வந்து, பழைய ஏற்பாடு என்ன ஆனது என்று ஆராய்ந்தார். ஒரு கூடத்தில் குழு முறை ஏறத்தாழ மாறாமல் நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் அது கரைந்து, பழைய மாதிரி தனித்தனி வேலைகளாகத் திரும்பியிருந்தது.

கரைந்த இடங்களில் தொழிலாளர்களிடையே பகை மூண்டதாகச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வந்த நெருக்கடிகள் குழுக்களைப் பதம் பார்த்தன. சந்தை மாறியது. நெய்யும் துணி ரகங்கள் மாறின. குழு தானே சமாளித்துக்கொள்ள முடியாத சிக்கல்கள் வந்தபோது சூப்பர்வைசர்கள் உள்ளே புகுந்து ஆட்களை இங்கும் அங்கும் மாற்றினார்கள். அவசரத்துக்குச் செய்த மாற்றங்கள் பிறகு வழக்கமாயின. வேலையில் நல்லுறவு என்பது ஒருமுறை நட்டுவிட்டால் தானே வளரும் மரமல்ல என்பதை மில்லரின் ஆய்வு காட்டியது. உற்பத்திக்கு நெருக்கடி வரும் நாளில் முதலில் பலியாவது அதுதான். அந்த நாளில் நிர்வாகம் குழுவைக் கலைக்காமல் காக்கிறதா என்பதே பரீட்சை.

கருவேல மரத்தடியில்

காலிகோ தொழிலாளர்கள் புதிய ஏற்பாட்டைச் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டது எப்படி? மும்பையிலோ கல்கத்தாவிலோ இது சாத்தியப்பட்டிருக்குமா? அகமதாபாத்துக்கு என்று ஒரு முன்கதை இருக்கிறது.

1917இல் நகரில் பிளேக் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ஆலை அதிபர்கள் கணிசமான போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்து 1918 தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். அதிபர்கள் 20 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தார்கள். கணக்குகளைப் பார்த்த காந்தி, 35 சதவீதம்தான் நியாயம் என்று தொழிலாளர்களை ஒப்புக்கொள்ளவைத்தார். அதிபர்கள் தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய், கௌதமின் தந்தை. தொழிலாளர்கள் பக்கம் காந்தியோடு நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. தொழிலாளர்கள் அவரை 'மோட்டாபென்', அதாவது பெரியக்கா என்று அழைத்தார்கள்.

சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம் நடந்தது. வாரங்கள் ஓட, பசியில் தொழிலாளர்களின் உறுதி தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. ஒரு நாளைக்கு 35 சதவீதம், மறுநாள் 20 சதவீதம், அதற்குப் பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவில் 27.5 சதவீதம். இரு தரப்பின் சபதமும் காப்பாற்றப்பட்ட ஏற்பாடு அது. நடுவராக இருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா பிறகு 35 சதவீதம் என்றே தீர்ப்பளித்தார்.

இந்தப் போராட்டத்தின் பலன் கூலியோடு நிற்கவில்லை. 1920இல் மஜூர் மஹாஜன் என்ற தொழிலாளர் சங்கம் உருவானது. தகராறு வந்தால் முதலில் பேசுவது, பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போவது என்ற மரபு வேரூன்றியது. தொழிலாளர்கள் தரப்பு நடுவராக காந்தியும் அதிபர்கள் தரப்பு நடுவராக மங்கள்தாஸ் கிரிதர்தாஸும் அமர்ந்தார்கள். குடிதண்ணீர் சரியில்லை, ஜாபர் லஞ்சம் கேட்கிறார் என்பது போன்ற அன்றாடக் குறைகளையும் சங்கம் கேட்டு, ஆலையில் பேசித் தீர்க்க முயன்றது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த மரபுக்கு ஆராய்ச்சியின் துணையும் கிடைத்தது. 1947இல் அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கியபோது நூல், சாயம் ஆகியவற்றோடு மனித உறவுகளையும் ஆராய ஒரு பிரிவு வைத்தார்கள். அதற்குத் தலைமை வகித்த கமலா சௌத்ரிதான் பிறகு, 1961இல் உருவான அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஆரம்பகால ஆசிரியர்களில் முதன்மையானவர்.

மனக்குறையைச் சொல்ல ஓர் இடம், சொன்னால் பதில் வரும் என்ற நம்பிக்கை. இவை இரண்டும் இல்லாத இடத்தில் ரைஸின் யோசனையை ஆட்குறைப்புத் தந்திரம் என்றே தொழிலாளர்கள் நினைத்திருப்பார்கள்.

தனிப் பானை

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அகமதாபாத்தின் பாடம் அரைகுறையாகிவிடும்.

அந்நகரின் ஆலைகளில் நெடுங்காலம் தலித் தொழிலாளர்களுக்குத் தண்ணீர்ப் பானை தனி. நூற்புப் பிரிவில் அவர்களுக்கு வேலை உண்டு. கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் இடமில்லை. இதற்குச் சொன்ன காரணம் நாடா. பழைய தறிகளில் தார் மாற்றும் ஒவ்வொரு முறையும், நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். தலித்துகள் தொட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று சாதி இந்து நெசவாளர்கள் கூறினார்கள். வினோதம் என்னவென்றால், ஆலைகளில் இருந்த தலித்துகளில் பெரும்பாலோர் வன்கர் சமூகத்தினர். தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்துவந்தவர்கள் அவர்கள்தான். பரம்பரை நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்தின் கதவு சாத்தப்பட்டிருந்தது.

நூலைத் தானே கோத்துக்கொள்ளும் நாடா தானியங்கித் தறிகளோடு வந்தது. வாயால் உறிஞ்ச வேண்டிய அவசியம் போயிற்று. ஆனால் காரணம் போனாலும் வழக்கம் உடனே போய்விடவில்லை. மஜூர் மஹாஜன் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது, தலித் குடியிருப்புகளில் தொண்டு செய்தது. தறிக்கூடத்தின் வாசலைத் திறக்க வேண்டும் என்று நெசவாளர் உறுப்பினர்களை நெருக்கவில்லை. சங்கத்தின் ஒற்றுமை கெட்டுவிடும் என்ற பயம் அதற்கு இருந்தது.

பணியிட நல்லுறவு பற்றிப் பேசும் யாரும் தாண்டிப்போகக் கூடாத இடம் இது. ஒரு கூடத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பது, வெளியே நிற்பவரைச் சேர்க்காததன் பலனாகவும் இருக்கலாம். 'எங்கள் ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரி' என்று பெருமைப்படும் இடங்களில், யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், யார் தனியே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை நல்லதுதான். யாரும் தேர்ந்தெடுக்காமல் மிஞ்சிப்போகிறவர் யார் என்று பார்க்கும் கடமை அந்த உரிமையை வழங்குகிறவருக்கு உண்டு.

ஆலை மூடிய பின்

1980களில் அகமதாபாத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடத் தொடங்கின. விசைத்தறிகளின் போட்டி, செயற்கை இழையின் வரவு, இயந்திரங்களைப் புதுப்பிக்காத அலட்சியம் எனக் காரணங்கள் பல. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1990களில் காலிகோவும் மூடிவிட்டது. அந்தப் பெயர் இன்று சாராபாய் குடும்பம் 1949இல் தொடங்கிய ஜவுளி அருங்காட்சியகத்தில்தான் நிலைத்திருக்கிறது.

வேலை போனபோது கூலி மட்டும் போகவில்லை என்பதை, அந்நகரை நீண்டகாலம் ஆராய்ந்த நெதர்லாந்து சமூகவியலாளர் யான் பிரேமன் எழுதியிருக்கிறார். ஆலைக்குள் இந்துக்களும் முஸ்லிம்களும், சாதிக்குச் சாதி வேறுபட்டவர்களும் அருகருகே எட்டு மணி நேரம் நின்றார்கள். பானை தனியாக இருந்தாலும் சங்கு ஒன்று, சம்பள நாள் ஒன்று, சங்கம் ஒன்று. ஆலை மூடியதும் ஒவ்வொருவரும் தம் சாதி, மதத்துக்குள் ஒதுங்கிப் பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. 2002இல் நகரைத் தீப்பிடிக்கவைத்த கலவரத்தில் பழைய ஆலைப் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை இந்தச் சரிவோடு இணைத்தே அவர் பார்க்கிறார். கலவரங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வேலை செய்யும் இடம்தான், தானாகப் பழகியிருக்க மாட்டாத இருவரைப் பழகவைக்கும் இடம் என்பதை மறுக்க முடியாது. அது குலைந்தால் அதன் விலையை ஊர் முழுவதும் கொடுக்கிறது.

சுவர் இல்லாத பணியிடம்

மஜூர் மஹாஜனின் மகளிர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வழக்கறிஞர் இளா பட், ஆலைக்கு வெளியே ஜவுளிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்களையும் பழைய துணி வியாபாரம் செய்யும் பெண்களையும் சந்தித்தார். இவர்களுக்கு ஷிப்ட் இல்லை, சங்கு இல்லை, மேலாளர் இல்லை. அவர்களுக்காகச் சங்கம் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று தொழிலாளர் துறை கேட்டது. முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒன்றுபடவும்தான் சங்கம் என்று வாதாடி, 1972இல் 'சேவா' என்ற அமைப்பை அவர் பதிவு செய்தார்.

போட்டியாளர்களைச் சக ஊழியர்களாக மாற்றியதுதான் சேவாவின் சாதனை. ஒரே கடை வாசலில் ஒரே சுமைக்காக முண்டியடித்துக் கூலியைக் குறைத்துக்கொண்டிருந்த பெண்கள், சேர்ந்து நின்று ஒரே கூலி கேட்டார்கள். ஒருவரை ஒருவர் 'பென்' என்றே அழைத்தார்கள், அதாவது சகோதரி. 1974இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள்.

தனிப் பானையின் நிழல் இங்கும் விழுந்தது. 1981இல் மருத்துவக் கல்வி இட ஒதுக்கீட்டை எதிர்த்து நகரில் கலவரம் மூண்டது. இளா பட் தலித்துகளுக்கு ஆதரவாகப் பேசினார். மஜூர் மஹாஜன் சேவாவை வெளியேற்றியது. ஒற்றுமை கெடாமலிருக்க வாய் மூடுவது தாய்ச் சங்கத்தின் வழி. வாய் திறந்ததால் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது மகளுக்கு. 2022இல் இளா பட் காலமானார். சேவாவின் உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உங்கள் பணியிடத்தில்

ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கணினிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கும் அகமதாபாத்தில் எடுத்துக்கொள்ளச் சரக்கு இருக்கிறது.

வேலையை முழுசாகக் கொடுங்கள்: ஒரு வாடிக்கையாளரின் கோப்பு ஆறு மேஜைகளைத் தாண்டிப் போகிறது என்றால், ஆறு பேருக்கும் அது யாரோ ஒருவருடைய கோப்புதான். சிறு குழுவிடம் ஒப்படைத்து, வந்தது முதல் முடிந்தது வரை அவர்களே பார்க்கட்டும். யாரால் தாமதம் என்ற கேள்வி வரும் வாய்ப்பே குறையும்.

அடுத்தவர் நாற்காலியில் ஒரு நாள்: சக ஊழியரின் வேலை புரியாததுதான் பாதிச் சண்டைகளுக்குக் காரணம். விற்பனைப் பிரிவினர் ஒரு நாள் கிடங்கில் நிற்கட்டும். கணக்குப் பிரிவினர் ஒரு நாள் வாடிக்கையாளரின் போனை எடுக்கட்டும். உபதேசம் சாதிக்காததை இது சாதிக்கும்.

இருவருக்கு ஒத்துவராவிட்டால் இடம் மாற்றுங்கள்: 'அனுசரித்துப் போங்கள்' என்று ஆண்டுக்கணக்கில் சொல்வதில் பயனில்லை. மாற்றம் தண்டனையாகத் தெரியாமல் இருக்க வேண்டும். புகார் சொன்னவரை மட்டும் தூக்கி வேறு ஊரில் போட்டால், அடுத்தவர் புகார் சொல்லவே மாட்டார்.

குறையை எழுதி வாங்கி, பதில் சொல்லும் நாளையும் எழுதுங்கள்: மேலாளரின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பது நல்ல வாசகம்தான். திறந்த கதவுக்குள் போகத் தைரியம் உள்ளவர்கள் சிலரே. பாலியல் தொல்லை விஷயத்தில் இதைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2013இல் வந்த சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். மற்றக் குறைகளுக்கும் இப்படி ஒரு காலக்கெடு வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பானையைப் பாருங்கள்: இன்றைய அலுவலகத்தில் தனிப் பானை வேறு வேடத்தில் இருக்கலாம். ஒப்பந்த ஊழியருக்கு வேறு நிற அடையாள அட்டை, வேறு உணவுக் கூடம். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் லிஃப்ட் கிடையாது, பெயர் சொல்லி அழைப்பாரும் கிடையாது. நிரந்தர ஊழியர்களிடையே எவ்வளவு நட்பு நிலவினாலும், பக்கத்தில் அதே வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்கிறவர் அதை நட்பாகப் பார்க்க மாட்டார்.

நெருக்கடி நாளில் குழுவைக் கலைக்காதீர்கள்: மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்றதும் ஆட்களைப் பிய்த்து அங்குமிங்கும் போடுவது மேலாளர்களின் முதல் யோசனையாக இருக்கிறது. 1970இல் எரிக் மில்லர் காலிகோவில் பார்த்தது நினைவிருக்கட்டும். குழு முறை மறைந்துபோன கூடங்களில் யாரும் அதை ஒழிக்கத் திட்டமிடவில்லை. ஒவ்வோர் அவசரத்துக்கும் ஓர் ஆள் என்று மாற்றி மாற்றித்தான் அது காணாமல் போயிற்று.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஊருக்கு வெளியே விடுதி எடுக்க வேண்டியதில்லை. யார் யாரை எதற்காக எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். ரைஸும் அகமதாபாத்தில் அங்கிருந்துதான் தொடங்கினார்.